உன் பெயரை அப்பா சொல்லியிருக்கிறார்

பெர்க்மான்ஸ் அண்ணனுக்கு,

கல்யாணத்துக்கு முன்னால் மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்வது அப்பாவின் வேலை. நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். நம் அப்பா இரண்டையும் செய்ய மாட்டார். அதனால் அவர் எழுத வேண்டியதை நான் எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற தங்கச்சி அண்ணனுக்குப் புத்தி சொல்வது உனக்குச் சிரிப்பாக இருக்கும். சிரித்துக்கொள். ஆனால் கடைசி வரை படி. ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ ஒரு முடிவு எடுக்க வேண்டும். அந்த முடிவுக்குத் தேவையான விஷயத்தை இந்த வீட்டில் எல்லாரும் உன்னிடம் மறைத்துவிட்டார்கள். இன்று வரை நானும் மறைத்தேன். கம்ப்யூட்டரில் உன் குரல் பதிவின் கோடுகளைத் திறந்து வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் ஒளித்து வைத்து இதை எழுதுகிறேன். நான் அந்தப் பதிவை வெட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அப்பா நினைத்துக்கொண்டு தூங்குகிறார். கரையில் மீன் ஏலத்துக்கு அவர் விடியும் முன்னே கிளம்புவார். அதற்குள் முடிக்க வேண்டும். உனக்குத் தெரிந்ததைக்கூட விளக்கமாக எழுதுகிறேன் என்று எரிச்சல்படாதே. இதை நீ ரோஸ்லினிடமும் காட்ட வேண்டி வரலாம்.

நீ ஒலிப்பதிவுப் பயிற்சிக்கென்று சென்னைக்குப் போன மறுவாரம் மாமி வந்தாள். அப்பாவின் தங்கைக்குப் பெண் பார்ப்பதைவிடப் பெரிய சந்தோஷம் உலகத்தில் கிடையாது என்பது உனக்கே தெரியும். புன்னைக்காயலில் ஒரு பெண், பெயர் ரோஸ்லின், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள் என்றாள். பையன் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பேசுவான் என்று சொல்லி வைத்திருக்கிறாளாம். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நீயும் சூசை அண்ணனும் பேசி, நான் வெட்டி ஒட்டி, ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறோம் என்று கேள்விப்பட்டு, பையன் பேசுவதைக் கேட்க வேண்டும் என்று அந்தப் பெண் மட்டும் சொல்லியிருக்கிறாள். அப்பா ஒரு பகுதியை அனுப்பினார். பெண்ணுக்குப் பிடித்திருக்கிறது, கேட்டுச் சிரித்தாளாம் என்று உனக்குத் தகவல் வந்தது. அன்று சாயங்காலம் நீ எனக்குப் போன் பண்ணினாய். "எந்த எடத்துல சிரிச்சா?" என்று கேட்பதற்குள் நீ மூன்று இடத்தில் நின்றாய். ஒவ்வொரு இடத்திலும் நான் காத்திருந்தேன். கேள்வி முழுதாக வந்து சேர்ந்தது. சார்ஜ் இல்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். அண்ணே, அவள் கேட்டதை நீ கேட்கவில்லை. நீ பேசியதை அவள் கேட்கவில்லை.

அப்பா அந்தப் பகுதியைக் கடைத்தெரு ஸ்டுடியோ அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்து, நீ நிற்கிற இடத்தையெல்லாம் எடுக்கச் சொன்னார். கல்யாண வீடியோவுக்குப் பாட்டுப் போடுகிற அதே அண்ணாச்சி. திரும்பி வந்ததை முன்னறையில் வைத்து எல்லாரும் கேட்டார்கள். மாமி மடியில் மிக்சர் தட்டு. நான் கதவோரம் நின்று கேட்டேன். எப்படிச் சொல்வது? நெத்திலியைக் கிள்ளி, குடலை உருவிவிட்டுத் தட்டில் வரிசையாக அடுக்கினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. உன் மூச்சு இல்லை. வார்த்தை வருவதற்கு முன்னால் உன் தொண்டையில் லேசாக ஒரு சத்தம் கேட்கும், அது இல்லை. ஒரு வாக்கியத்தின் வாலில் அடுத்த வாக்கியம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நீ சொன்ன ஒரு நகைச்சுவைக்கு சூசை அண்ணன் நீ சொல்லி முடிப்பதற்கு முன்னாலேயே சிரிக்கிறார். பகுதி மாறுகிற இடத்தில் விர்ர் என்று ராக்கெட் போகிற சத்தம். அடியில் முழுக்க ஒரு புல்லாங்குழல் அழுதுகொண்டே வருகிறது. மாமி மிக்சரை மென்றுகொண்டே, "என்ன அழகா பேசுதான் எம் மருமவன், ரேடியோக்காரன் கணக்கா," என்றாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதற்கு அழுதாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் அருவருப்பாக ஆகியிருக்கும்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். தொடக்கத்தில் நீ உன் பெயரைச் சொல்லும் இடம்தான் என்னைத் தூங்க விடவில்லை. உனக்கு எதைவிடவும் கஷ்டமான வார்த்தை உன் பெயர்தான். வாய் திறக்கும், உதடு கூடும், சத்தம் இருக்காது. நிகழ்ச்சியில் நாம் அதை அப்படியே விட்டு வைத்திருந்தோம். அண்ணாச்சி எவ்வளவு தேடியும் நீ தடங்கலில்லாமல் பெயர் சொன்ன ஒரு இடம் கிடைக்கவில்லை. முன்னறையில் ஓடிய அந்தப் பதிவில் "வணக்கம், நான் பெர்க்மான்ஸ்" என்று கணீரென்று கேட்டது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். "நீங்களாப்பா சொன்னீங்க?" என்று கேட்டேன். அவருக்கு மறைக்கக்கூடத் தோன்றவில்லை. "எஞ் சத்தமும் அவஞ் சத்தமும் ஒண்ணுதானளா. நான் பெத்த புள்ளதான அவன்," என்றார். ஸ்டுடியோவுக்குள் போய், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, உன் பெயரை அவர் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஒரே தடவையில் ஓகே ஆகிவிட்டதாம். அதையும் பெருமையாகச் சொன்னார்.

அப்பாவைப் பற்றி யோசிக்கும்போது நான் அவரைக் கரையில் வைத்துத்தான் யோசிக்கிறேன். சின்ன வயதில் லீவு நாளில் நாம் இரண்டு பேரும் அவரோடு போவோமே. கூடையைச் சுற்றி வியாபாரிகள் நிற்பார்கள். சீலா மீனின் செவுளை விரலால் பிளந்து சிவப்பைக் காட்டிக்கொண்டே அவர் விலையைக் கூவுவார். ஒரு மூச்சு இடைவெளி விட மாட்டார். இடைவெளி விட்டால் அந்த விலைக்கு மேலே கேட்க ஆள் இல்லை என்று அர்த்தம். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று சொல்லி ஒரு நொடி சத்தம் இல்லாமல் நின்றுவிட்டால் முடிந்தது. அந்தக் கூடை அந்த விலைக்குப் போய்விட்டது. படகுக்காரர் தலையில் கை வைத்தாலும் திரும்பி வராது. ஆகவே அவர் காதுக்குச் சத்தம் நின்றால் விலை போச்சு. அதனால்தான் நீ நிற்கும்போதெல்லாம் அவர் பதறுகிறார். உன் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்கி அவரே முடித்து வைக்கிறார். இது எனக்குப் புரிகிறது. புரிந்தபிறகும் அருவருப்பு குறையவில்லை. ஐஸ் கரைந்து கண் குழிந்துபோன மீன் மேல் தண்ணீர் தெளித்துப் பளபளக்க வைப்பார்களே, அதைத்தான் அவர் உனக்குச் செய்திருக்கிறார். கெட்டுப்போன மீனுக்குத்தான் தண்ணீர் தெளிப்பார்கள். உன்னை அவர் எந்தக் கூடையில் வைத்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பேக்கரி ஞாபகம் இருக்கிறதா? நீ மக்ரூன் கேட்கப்போய் "ம" என்று நின்றாய். அப்பா உடனே, "மஸ்கோத் அல்வா வேணுமாம் அண்ணாச்சி, கால் கிலோ போடுங்க," என்றார். உனக்கு அந்த அல்வாவின் வழுவழுப்பே ஆகாது. ஆனால் மறுக்க இன்னொரு வாக்கியம் ஆரம்பிக்க வேண்டுமே. வாங்கிக்கொண்டாய். அதிலிருந்து உன் பிறந்தநாளுக்கெல்லாம் அல்வாதான். என் மகனுக்கு மஸ்கோத் என்றால் உயிர் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பத்தாம் வகுப்பு பாஸானதற்கு மாமி இரண்டு கிலோ கொண்டுவந்தாள். நீ என்னிடம் ரகசியமாகச் சொன்னாய், அப்பா மாதிரி ஆட்கள் நாட்டை ஆண்டால் எல்லாருக்கும் பிடிக்காத அல்வாதான் கிடைக்கும் என்று. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. ஒரு தின்பண்டத்தைச் சகித்துக்கொண்டது போல ஒரு கல்யாணத்தையும் நீ சகித்துக்கொள்வாய் என்று பயமாக இருக்கிறது.

ரோஸ்லினுக்காக இதையும் எழுதுகிறேன். நம் நிகழ்ச்சியில் நீ நிற்கிற இடங்கள் சும்மா கவனக்குறைவால் விட்டுப்போனவை இல்லை. ஒவ்வொன்றையும் நாம் உட்கார்ந்து யோசித்து வைத்தோம். முதல் பகுதியில் நானும் முட்டாள்தனம்தான் பண்ணினேன். நீ நின்ற இடத்திலெல்லாம் இசை போட்டு நிரப்பினேன். சூசை அண்ணன் கேட்டுவிட்டு, "ஏளா, சங்கு எடுக்க அம்பது அடி கீழ போயிருக்கேன், கம்ப்ரசர் கத்தும், படகு கத்தும், அங்கனகூட இம்புட்டு எரைச்சல் இல்லளா," என்றார். சங்கு குளிக்கப்போய், குழாயில் காற்று நின்று, அவசரமாக மேலே வந்ததில் கால் இரண்டும் செயலிழந்து சக்கர நாற்காலிக்கு வந்த மனிதர் அவர். தண்ணீருக்கடியில் இருந்ததைப் பற்றி அவர் கேலியாகத்தான் பேசுவார், வேறு மாதிரிப் பேசி நான் கேட்டதில்லை. இசையை எடுத்துவிட்டேன். அடுத்த பகுதியில் நீ நின்ற இடத்தில் ஒன்றுமே இல்லாத வெறுமை. கேட்டவர்கள் போன் ஹேங் ஆகிவிட்டது என்று எழுதினார்கள். ஒருவர் ஹெட்போனையே மாற்றிவிட்டாராம்.

அப்போதுதான் நீ சொன்னாய், யாருமே பேசாதபோதும் அறை பேசிக்கொண்டிருக்கும், அதைப் பதிவு பண்ணு என்று. நாம் மூன்று பேரும் மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல் சூசை அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். மின்விசிறியின் கடகட, தூரத்தில் துறைமுகத்துக் கப்பலின் ஊதல், பக்கத்து வீட்டுக் குக்கர். நடுவில் சூசை அண்ணனுக்குத் தும்மல் வந்து, அடக்கி, கண்ணில் தண்ணீர் வந்து, மறுபடியும் முதலிலிருந்து எடுத்தோம். அந்த அறைச் சத்தத்தை உன் நிறுத்தங்களுக்கு அடியில் விரித்தேன். அதற்குப்பிறகு யாரும் ஹேங் ஆகிவிட்டது என்று எழுதவில்லை. ஆள் அங்கேயே இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

இன்னொரு சிக்கல் மிச்சமிருந்தது. நீ வார்த்தைக்காக நிற்கிறாயா, பேசி முடித்துவிட்டாயா என்று கேட்கிறவர்களுக்குத் தெரியவில்லை. சூசை அண்ணனுக்கே சில சமயம் தெரியாமல் நடுவில் பேசிவிடுவார். அதற்கு அவர்தான் வழி கண்டுபிடித்தார். மேசையில் கிடந்த சங்கை எடுத்து உன் கையில் கொடுத்தார். "பேசி முடிச்சா டொக்குன்னு வய்யி. வைக்காம இருக்க வரைக்கும் ஒம் முறைதான். நான் வாயத் தொறந்தா என் வண்டி டயர்ல காத்தப் புடுங்கி விடு," என்றார். அதுதான் இன்று வரை நம் நிகழ்ச்சியில் ஒரு பேச்சிலிருந்து இன்னொரு பேச்சுக்குப் போகிற சத்தம். வேறு மணி, இசை, ராக்கெட் எதுவும் கிடையாது. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் அதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம்: சங்குச் சத்தம் கேட்கும் வரை பேச்சு முடியவில்லை. கேட்கிறவர்களும் காத்திருக்கக் கற்றுக்கொண்டார்கள். நீ நிற்பாய் என்று தெரிந்தே, அடுத்து என்ன வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பதாக ஒரு அக்கா எழுதினாரே. நீ அதை வைத்து விளையாடவும் ஆரம்பித்தாய். சில இடத்தில் வார்த்தை தயாராக இருந்தும் வேண்டுமென்றே நிற்பாய். சங்கை லேசாக மேசையில் உரசி, வைப்பது போல வைக்காமல் ஏமாற்றுவாய். அந்தச் சங்குச் சத்தத்தையும் அண்ணாச்சி ஒன்று விடாமல் எடுத்துவிட்டார். தட்டுகிற சத்தம் பிழையாகப் பதிவாகியிருக்கிறது என்று நினைத்தாராம்.

போன வருஷம் ஒரு சங்கம் உனக்குச் சால்வை போட்டதே, அதைவிட இது மோசமில்லை என்று ஒருவேளை நீ சொல்வாய். அந்த மேடையில் உன்னைப் பேசவைத்துவிட்டு, நீ இரண்டாவது தடவை நின்றதுமே ஒருவர் கைதட்ட, எல்லாரும் கைதட்டி, நீ சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமலே இறக்கிவிட்டார்கள். அவர்கள் கண்ணில் தண்ணீர் வேறு. நீ பேச வந்தது துறைமுகத்துப் பேருந்து நிறுத்தத்தில் சக்கர நாற்காலி ஏற சாய்தளம் வேண்டும் என்பது. அதை ஒருவரும் கேட்கவில்லை. சால்வையில் நாப்தலின் நாற்றம் அடித்தது. அன்று எனக்கு அவர்கள் மேல் வந்த அருவருப்பு இரண்டு நாளில் போய்விட்டது, ஏனென்றால் அவர்கள் வெளி ஆட்கள். இது நம் வீட்டில், நம் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் நடந்திருக்கிறது. அப்பா சாப்பிடும்போது அவர் வாயைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வாயிலிருந்துதான் உன் பெயர் வந்தது என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. பெற்ற அப்பாவைப் பற்றி இப்படி எழுதுவதற்கும் கை கூசுகிறது. ஆனால் எழுதிவிட்டேன், அழிக்கப்போவதில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். நேற்று மாமி மறுபடி வந்தாள். முகம் சரியில்லை. பெண் இன்னொரு பகுதி கேட்கிறாளாம். ஏன் என்று அப்பா கேட்டதற்கு, மாமி தயங்கித் தயங்கி, "பேரு சொல்லுத சத்தம் மட்டும் வேற ஆளு மாரி இருக்காம் அண்ணே. மத்ததெல்லாம் யாரோ வெரட்டிட்டு வார மாரி பேசுதாராம். எப்பவுமே இப்படித்தானான்னு அந்தப் புள்ள கேக்கா," என்றாள். நான் அடுப்படியில் இருந்தேன். கையிலிருந்த கரண்டியை வைக்கக்கூட மறந்துவிட்டேன். அண்ணே, அவளுக்குக் காது இருக்கிறது. நீ இல்லாத இடத்தில் நீ இல்லை என்று அவளுக்குக் கேட்டிருக்கிறது. அப்பாவுக்கு அது உறைக்கவில்லை. வேலை சுத்தமாக இல்லை என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். ஸ்டுடியோ அண்ணாச்சி வெளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாராம். அதனால் என்னைக் கூப்பிட்டார். நீ கிளம்புவதற்கு முன்னால் நாம் பதிவு பண்ணி இன்னும் வெளியிடாமல் வைத்திருக்கிற பகுதியை எடுத்து, ஒரு இடம்கூட நிற்காமல், பெயரும் உன் குரலிலேயே வருகிற மாதிரி எழுத்தெழுத்தாக ஒட்டித் தர வேண்டுமாம். ஏலத்துக்குப் போகும்போது போனில் எடுத்துக்கொண்டு போவாராம்.

ஞாயிற்றுக்கிழமை நீ ஊருக்கு வந்து பெண் பார்க்கப் போகும்போது அவள் நேரில் பார்ப்பாளே, அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அன்றைக்கு நான் பேசிக்கொள்கிறேன், அவன் சும்மா சிரித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், மாப்பிள்ளைக்குக் கூச்சம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்றார். அதற்கப்புறம்? அதற்கு அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கோயில்ல மூணு ஓல வாசிச்சிட்டா அப்புறம் எவன் பேசுவான்?" இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவியுங்கள் என்று மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் வாசிப்பாரே, அந்த ஓலையைச் சொல்கிறார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். யாரும் வாய் திறக்காவிட்டால் கூடை கைமாறிவிடும். அவர் அதை எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாத முகத்தோடு சொன்னார். மகனைக் கரை சேர்க்கிற தகப்பனின் முகம். நான் மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "என்ன, முடியாதுங்கியா? இந்தக் காரியம் கெட்டுச்சின்னா ஒம் படிப்பும் இந்தக் கம்ப்யூட்டர் பொட்டியும் அன்னையோட சரி," என்று அவரே என் வாக்கியத்தையும் முடித்து வைத்தார். நான் தலையை ஆட்டினேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிறகு கை கழுவ வந்தபோது, "அவரு நல்லதுக்குத்தான செய்யுதாரு, வெட்டிக் குடுத்துரு தாயி," என்று மெதுவாகச் சொன்னாள்.

சாயங்காலம் உட்கார்ந்து ஆரம்பித்தேன் என்பதையும் நீ தெரிந்துகொள். பயத்தில் ஆரம்பித்தேன். பெயர் வருகிற இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு கிட்டத்தட்டத் தட்டையாக நீண்டு கிடந்தது. ஒன்றும் இல்லை என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். சத்தத்தைக் கூட்டினேன். மின்விசிறி. கப்பல் ஊதல். உன் மூச்சு உள்ளே போகிறது. உதடு ஒட்டிப் பிரிகிற சின்ன ஈரச் சத்தம். சூசை அண்ணன் வண்டியின் கைப்பிடியில் விரலால் தட்டிக்கொண்டிருந்தவர், நீ நின்றதும் தட்டுவதை நிறுத்துகிறார். சங்கு மேசைக்கு மேலே உன் கையில் இருக்கிறது, அதற்குச் சத்தம் இல்லை, ஆனால் எனக்குத் தெரியும். அப்புறம் உன் பெயர், நீயே சொல்லி. இதில் எதை எடுப்பது? எதை எடுத்தாலும் உன்னைத்தான் எடுக்க வேண்டும். கத்தரிக்கோல் குறி மேல் வைத்த கையை எடுத்துவிட்டேன். கடிதத்தைத் தொடங்கினேன்.

அப்பா சொல்லியிருக்க வேண்டிய புத்தியை இனிமேல் சொல்கிறேன். உனக்காக யாரையும் வாக்கியத்தை முடிக்க விடாதே. அன்பினால் முடித்தாலும் விடாதே. நானே சில சமயம் முடித்திருக்கிறேன், இனி முடித்தால் சங்கால் என் மண்டையில் வை. ரோஸ்லினிடம் நீதான் முதலில் பேச வேண்டும், அப்பாவோ மாமியோ நானோ இல்லை. இந்தக் கடிதத்தோடு மூன்று பதிவுகள் அனுப்புகிறேன். ஒன்று, ஸ்டுடியோவில் வெட்டி அவளுக்குப் போனது. காதைப் பொத்திக்கொண்டாவது கேள், உன் பெயரில் என்ன போயிருக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும். இரண்டு, அதே பகுதி நாம் செய்தபடி. மூன்று, அவள் இப்போது கேட்கிற புதிய பகுதி, ஒரு மூச்சுக்கூட எடுக்காதது. மாமியின் போனிலிருந்து அவள் எண்ணையும் எடுத்து வைத்திருக்கிறேன். நானே அவளுக்கு அனுப்பிவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அனுப்பினால் அப்பா செய்ததைத்தான் நானும் செய்ததாக ஆகும். உன் குரல், நீ அனுப்பு. அனுப்ப வேண்டாம் என்று நினைத்தால், கல்யாணமே வேண்டாம் என்று நீயே சொல். எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை நாம் அவள் வீட்டு வாசலில் போய் நிற்பதற்கு முன்னால் சொல். பாவம், அவளையும் சேர்த்துத்தான் ஏமாற்றுகிறார்கள்.

ஒருவேளை அவள் காத்திருக்கிற ஆளாக இருந்து கல்யாணம் நடந்தால், இதையும் நினைவில் வை. அவளும் சில நேரம் பேச்சை நிறுத்துவாள். வாய் திக்காதவர்களும் நிறுத்துவார்கள். அம்மா எத்தனையோ வருஷமாக நிறுத்தியே வைத்திருக்கிறாள், அவள் என்ன சொல்ல வந்தாள் என்று இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ரோஸ்லின் நிற்கிற இடத்தை நீ உன் வார்த்தையால் நிரப்பிவிடாதே. உனக்கு வேண்டும் என்று கேட்டதை அவளுக்கும் கொடு. நம் அப்பாவின் மகன்தான் நீயும், குரல் ஒன்று போல இருக்கிறது என்பது பொய்யில்லை. அதனால்தான் சொல்கிறேன்.

பின்கட்டில் குழாய் திறக்கிற சத்தம் கேட்கிறது. அவர் எழுந்துவிட்டார். முகம் கழுவி, சட்டை மாட்டி, போனை நீட்டிக்கொண்டு வருவார். முடிஞ்சதாளா என்று கேட்பார். வெட்டலப்பா என்று நான் சொல்ல வேண்டும். ராத்திரி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன், வருகிறது. அவர் முன்னால் நின்றால் வராது என்று தெரியும். வாய் திறந்திருக்கும், சத்தம் வராது. அவர் உடனே, முடிஞ்சது, அப்படித்தானே, அனுப்பு என்று என் வார்த்தையையும் எடுத்துக்கொள்ளப் பார்ப்பார். இந்தத் தடவை தலையை ஆட்ட மாட்டேன். சூசை அண்ணன் வீட்டு மேசையிலிருந்து உன் சங்கை வாங்கி வந்திருக்கிறேன், இப்போது இடது கையில் இருக்கிறது. வார்த்தை வருகிற வரை அதைக் கீழே வைக்கப்போவதில்லை. உனக்கு அனுப்பிவிட்டுத்தான் அவருக்குக் கதவைத் திறக்கிறேன்.

உன் தங்கச்சி